நாடுகடந்த ஸ்பானியக் குடியரசு அரசாங்கம், 1939–1977: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின் உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டதாக ஜெனரல் ஃபிராங்கோ 1939 ஏப்ரல் 1 அன்று அறிவித்தார். அவர் வீழ்த்திய குடியரசின் நிறுவனங்கள் அதன் பிறகும் 38 ஆண்டுகள் மெக்சிகோ நகரிலும் பாரிஸிலும் உயிரோடிருந்தன. அந்த அரசாங்கத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் உட்பூசல்களை ஒரு பக்கமும் வெளிநாடுகள் அதைக் கைவிட்ட கதையை இன்னொரு பக்கமும் வைத்துப் பேசுவது வழக்கம். இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே இந்தப் பக்கத்தின் நிலைப்பாடு. லண்டனும் வாஷிங்டனும் மாஸ்கோவும் என்ன விரும்புகின்றன என்பதைப் பற்றி ஆளுக்கொரு கணக்குப் போட்டதால்தான் அந்த அரசியல்வாதிகள் பிளந்தார்கள். அவர்கள் பிளந்து கிடப்பதையே காரணம் காட்டித்தான் அந்தத் தலைநகரங்கள் விலகி நின்றன.

இந்த அரசாங்கம் எதை வைத்துத் தன்னைச் சட்டபூர்வமானது என்று சொல்லிக்கொண்டது?

1931ஆம் ஆண்டு அரசமைப்பும், 1936 பிப்ரவரித் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றமும் அதற்கு அடிப்படை. அந்த நாடாளுமன்றம் ஸ்பானிய மண்ணில் கடைசியாகக் கூடியது 1939 பிப்ரவரி 1 அன்று, பிரெஞ்சு எல்லையை ஒட்டிய ஃபிகெரெஸ் கோட்டையில். சில நாட்களில் குடியரசுத் தலைவர் மனுவேல் அசாஞா எல்லையைக் கடந்து பிரான்சுக்குள் சென்றார். பிப்ரவரி 27 அன்று பிரிட்டனும் பிரான்சும் ஃபிராங்கோவின் அரசை அங்கீகரித்தன. அதையே காரணம் காட்டி அசாஞா பதவி விலகினார். வெளிநாடுகளின் முன் தன் நாட்டைச் சட்டப்படி பிரதிநிதித்துவப்படுத்தும் தகுதியை அந்த அங்கீகாரம் தன்னிடமிருந்து பறித்துவிட்டது என்பது அவருடைய வாதம். குடியரசுத் தலைவரின் நாற்காலியே அயல்நாட்டு முடிவொன்றால் காலியானது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அரசமைப்பின்படி அப்பொறுப்பு நாடாளுமன்றத் தலைவர் தியேகோ மார்த்தினெஸ் பாரியோவிடம் வந்திருக்க வேண்டும். அவர் நிபந்தனைகள் விதித்துக் காத்திருந்தார். அதற்குள் மார்ச் 5 இரவு மாட்ரிட்டில் குடியரசுப் படையின் கர்னல் காசாதோ பிரதமர் ஹுவான் நெக்ரினுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். நெக்ரின் ஸ்பெயினைவிட்டு வெளியேறினார். எனவே குடியரசு வெளிநாட்டுக்கு வந்து சேர்ந்தபோது அதற்குத் தலைவர் இல்லை. பிரதமர் ஒருவர் இருந்தார், அவருடைய அதிகாரத்தைப் பாதிப்பேர் ஏற்கவில்லை.

நெக்ரினும் பிரியெத்தோவும் ஒரே கட்சிக்காரர்கள் அல்லவா? ஏன் அவ்வளவு பகை?

இருவரும் சோசலிஸ்டுத் தொழிலாளர் கட்சியினர்; ஒரு காலத்தில் நெருங்கிய நண்பர்களும்கூட. இந்தலேசியோ பிரியெத்தோ 1938 ஏப்ரல் வரை நெக்ரினின் பாதுகாப்பு அமைச்சர். போரில் வெல்ல முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டதால் நெக்ரின் அவரை அமைச்சரவையிலிருந்து நீக்கினார். அந்த நீக்கத்துக்குப் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள் என்று பிரியெத்தோ கடைசிவரை நம்பினார்.

தனிப்பட்ட கசப்பு இருந்தது உண்மைதான். ஆனால் அதைவிட முக்கியமானது, ஐரோப்பா எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் அவர்களுக்கிடையே இருந்த வேறுபாடு. ஹிட்லருடன் மேற்கு நாடுகள் மோதியே தீரும், அதுவரை தாக்குப்பிடித்தால் குடியரசு பிழைக்கும் என்று நெக்ரின் கணக்கிட்டார். ஆயுதம் வரும் ஒரே வழி மாஸ்கோ என்பதால் கம்யூனிஸ்டுகளுடன் அவர் ஒத்துப்போனார். போர் உண்மையிலேயே மூண்டது. ஆனால் மாட்ரிட் வீழ்ந்து 5 மாதங்களுக்குப் பிறகு. பிரியெத்தோவின் கணக்கு வேறு. கம்யூனிஸ்டுகளின் நிழல் விழாத ஒரு தீர்வுக்கு மட்டுமே பிரிட்டன் செவிசாய்க்கும் என்று அவர் கருதினார். 1939க்குப் பிறகு நடந்த பூசல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கணிப்புகளின் நீட்சிதான்.

"வீத்தா" கப்பல் விவகாரம் என்ன?

குடியரசு அரசாங்கம் கைப்பற்றி வைத்திருந்த பொன், நகைகள், கலைப்பொருட்களில் ஒரு பகுதியை ஏற்றிக்கொண்டு "வீத்தா" என்ற உல்லாசப் படகு பிரான்சிலிருந்து 1939 மார்ச் இறுதியில் மெக்சிகோவின் வெராக்ரூஸ் துறைமுகத்துக்கு வந்தது. அகதிகளின் செலவுக்காக அதை அனுப்பியவர் நெக்ரின். அவருடைய ஆள் ஹோசே புச்சே அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. படகு வந்தபோது புச்சே அங்கே இல்லை. மெக்சிகோவில் ஏற்கெனவே இருந்த பிரியெத்தோ, மெக்சிகோவின் குடியரசுத் தலைவர் லாசரோ கார்தெனாஸின் இசைவுடன் சரக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

இதன் விளைவு பணத்தோடு நிற்கவில்லை. பிரான்சில் பதிவுபெற்று நெக்ரினின் கீழ் இயங்கிய அகதி வெளியேற்றச் சேவையான "செரே" ஏற்கெனவே இருந்தது. 1939 ஜூலை இறுதியில் நாடாளுமன்ற நிலைக்குழு நெக்ரின் அரசாங்கம் இனி இல்லை என்று தீர்மானித்து, பிரியெத்தோவின் செல்வாக்கில் "ஹாரே" என்ற போட்டி நிவாரண வாரியத்தை உருவாக்கியது. பிரெஞ்சு முகாமில் மணலில் படுத்துக் கிடந்த அகதிக்கு மெக்சிகோ செல்லும் கப்பலில் இடம் கிடைக்குமா என்பது, எந்த வாரியத்தில் யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்ததாயிற்று. இரு தரப்பும் தம் ஆட்களுக்கே முன்னுரிமை தருகின்றன என்ற புகார் அன்றே எழுந்தது. 1942இல் மெக்சிகோ அரசே "ஹாரே"யின் நிதியைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. வரவுசெலவுக் கணக்கு பற்றிய குற்றச்சாட்டுகளோ அந்தத் தலைமுறை மறையும்வரை ஓயவில்லை.

மெக்சிகோ ஏன் இவ்வளவு உறுதியாக நின்றது?

புரட்சியின் வழிவந்த அரசு என்பதால் கார்தெனாஸுக்குக் குடியரசின் மீது கொள்கைப் பற்று இருந்தது. அதோடு, ராணுவக் கிளர்ச்சி ஒன்று அயல்நாட்டு உதவியுடன் வெல்வதை ஏற்றுக்கொண்டால் நாளை தன் நாட்டுக்கும் அதே கதி நேரலாம் என்ற கவலையும் இருந்தது. உள்நாட்டுப் போரின்போது ஆயுதம் விற்றது, போர் முடிந்ததும் அகதிகளை ஏற்றது, ஃபிராங்கோவின் அரசைக் கடைசிவரை அங்கீகரிக்க மறுத்தது ஆகிய மூன்றையும் மெக்சிகோ செய்தது. 1939 ஜூன் 13 அன்று "சினாயா" கப்பல் ஏறத்தாழ 1,600 பேருடன் வெராக்ரூஸில் கரைசேர்ந்தது. வேறு கப்பல்கள் பின்தொடர்ந்தன.

அந்த உறுதி எப்படிப்பட்டது என்பதை அசாஞாவின் இறுதி நாட்கள் காட்டுகின்றன. ஜெர்மனியின் ஆதிக்கத்துக்கு அடங்கிய விஷி அரசின் கீழிருந்த மொந்தோபான் நகரில் அவர் நோயுற்றுக் கிடந்தார். அவரைக் கடத்திச் செல்ல ஃபிராங்கோவின் ஆட்கள் நோட்டமிட்டுக்கொண்டிருந்தனர். மெக்சிகோ தூதர் லூயிஸ் ரொத்ரிகெஸ் ஒரு விடுதியில் அறைகளை எடுத்து, அவற்றைத் தூதரகப் பாதுகாப்புக்கு உட்பட்டவையாக அறிவித்து அவரை அங்கே தங்கவைத்தார். 1940 நவம்பர் 3 அன்று அசாஞா இறந்தார். சவப்பெட்டியின் மேல் குடியரசின் மூவண்ணக் கொடியைப் போர்த்தக்கூடாது, ஃபிராங்கோவின் கொடியைப் போர்த்தலாம் என்றார் அந்த வட்டார ஆட்சியர். அப்படியானால் மெக்சிகோவின் கொடியே போர்த்தப்படும் என்று தூதர் பதில் சொன்னார். அப்படியே அடக்கம் நடந்தது. அந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் வாய்க்கவில்லை: கேட்டலோனியத் தலைவர் லூயிஸ் கொம்பானிஸ் பிரான்சில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு ஃபிராங்கோவிடம் ஒப்படைக்கப்பட்டு, 1940 அக்டோபர் 15 அன்று பார்சிலோனாவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

முறையான அரசாங்கம் அமைய 1945 வரை ஏன் ஆயிற்று?

உலகப் போர் முடிவது யார் பக்கம் என்று தெரியும்வரை எந்தப் பெரிய நாடும் ஃபிராங்கோவைச் சீண்ட விரும்பவில்லை. அவர் அச்சு நாடுகளின் பக்கம் போரில் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதே பிரிட்டனின் கவலையாக இருந்தது. லண்டனில் வாழ்ந்த நெக்ரின் தானே பிரதமர் என்றார். மெக்சிகோவில் 1943 நவம்பரில் பிரியெத்தோவும் மார்த்தினெஸ் பாரியோவும் "ஸ்பானிய விடுதலை வாரியம்" என்ற அமைப்பைத் தொடங்கினர். அதில் கம்யூனிஸ்டுகளுக்கும் நெக்ரின் ஆதரவாளர்களுக்கும் இடமில்லை. கம்யூனிஸ்டுகள் தனியே "தேசிய ஒன்றியம்" நடத்தினார்கள். 1944 அக்டோபரில் பிரான்சிலிருந்து அரான் பள்ளத்தாக்குக்குள் ஆயுதப் படையை அனுப்பித் தோற்றதும் அவர்களே.

1945 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபையின் சாசனம் உருவானபோது, அச்சு நாடுகளின் படைபலத்தால் நிறுவப்பட்ட ஆட்சிகளுக்கு அதில் இடமில்லை என்ற விளக்கத்தை மெக்சிகோ பிரதிநிதி லூயிஸ் கிந்தானியா முன்மொழிந்து ஏற்கச்செய்தார். அந்த மாநாட்டு வளாகத்திலும் நெக்ரின் தரப்பும் பிரியெத்தோ தரப்பும் தனித்தனியேதான் ஆதரவு திரட்டின. ஆகஸ்டு 2 அன்று போட்ஸ்டாம் மாநாடும் ஃபிராங்கோவின் ஸ்பெயின் உறுப்பினராவதை ஆதரிப்பதில்லை என்று அறிவித்தது. இனித் தாமதிக்க முடியாது என்ற நிலையில், 1945 ஆகஸ்டு 17 அன்று மெக்சிகோ நகர மன்றத்தின் கூட்ட அரங்கில் நாடாளுமன்றம் கூடியது. அந்த அரங்கை அன்றைக்கு மட்டும் அயல்நாட்டு மண்ணாகக் கருத மெக்சிகோ அரசு ஆணையிட்டது; குடியரசின் கொடி அங்கே ஏற்றப்பட்டது. 1936இல் 473 இடங்கள் இருந்த அவையில் வந்திருந்தவர்கள் நூற்றுக்கும் குறைவு. மார்த்தினெஸ் பாரியோ குடியரசுத் தலைவரானார். நெக்ரின் தன் பதவியை அவரிடம் ஒப்படைத்தார். மீண்டும் அழைக்கப்படுவோம் என்ற அவருடைய எதிர்பார்ப்பு பலிக்கவில்லை.

ஹிரால் அரசாங்கத்தை எந்த நாடுகள் அங்கீகரித்தன?

வேதியியல் பேராசிரியரும் 1936 கோடையில் பிரதமராக இருந்தவருமான ஹோசே ஹிரால், யாருக்கும் பெரிய பகை இல்லாதவர் என்பதால் பிரதமராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நெக்ரினும் பிரியெத்தோவும் அமைச்சரவைக்கு வெளியே நின்றார்கள். இரண்டு ஆளுமைகளும் இல்லாத அமைச்சரவை எவ்வளவு கண்ணியமாக இருந்ததோ அவ்வளவு எடைகுறைவாகவும் இருந்தது. மெக்சிகோ, குவாத்தமாலா, பனாமா, வெனிசுவேலா ஆகியவை அதை அங்கீகரித்தன. 1946இல் போலந்து, யூகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாகியா, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா, அல்பேனியா ஆகிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்துகொண்டன. 1946 பிப்ரவரியில் அரசாங்கம் பாரிஸுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே கம்யூனிஸ்டுகளின் சார்பில் சந்தியாகோ கர்ரியோவும், கலீசியத் தேசியவாதிகளின் சார்பில் கஸ்தெலாவோவும், பழைமைவாதியான ரஃபாயெல் சாஞ்செஸ் கெர்ராவும் அமைச்சரவைக்குள் வந்தார்கள். இடம் கொடுத்த பிரான்சு மட்டும் அங்கீகாரம் கொடுக்கவில்லை.

சோவியத் ஒன்றியம் அங்கீகரித்ததா?

இல்லை. பலரும் நினைப்பதற்கு மாறாக, கிழக்கு ஐரோப்பிய நாடுகள் வரிசையாக அங்கீகரித்தபோதும் மாஸ்கோ ஒருபோதும் அதைச் செய்யவில்லை. ஆனாலும் "இது மாஸ்கோவின் அரசாங்கம்" என்ற ஃபிராங்கோவின் பிரசாரத்துக்கு அந்தப் பட்டியலே போதுமானதாக இருந்தது. சோவியத் ஆதரவின் பலன் கிட்டாமல் அதன் பழி மட்டும் ஹிராலின் தலையில் விழுந்தது.

மேற்கத்திய நாடுகள் உண்மையில் என்ன நினைத்தன?

பிரிட்டனில் 1945 ஜூலையில் தொழிற்கட்சி வென்றபோது நாடுகடந்தோர் பெரிதும் மகிழ்ந்தார்கள். ஆகஸ்டு 20 அன்று வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின், ஸ்பெயினின் ஆட்சி எது என்பதை ஸ்பானியர்களே முடிவுசெய்ய வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார். இன்னோர் உள்நாட்டுப் போர் மூண்டால் அதில் லாபம் கம்யூனிஸ்டுகளுக்கே என்ற அச்சம் லண்டனிலும் வாஷிங்டனிலும் இருந்தது.

பிரான்சில் இடதுசாரிகளின் அழுத்தம் அதிகம். ஜெர்மானியரை எதிர்த்துப் பிரான்சில் போரிட்ட கிறிஸ்தீனோ கார்சியாவை ஃபிராங்கோ 1946 பிப்ரவரியில் சுட்டுக்கொன்றபோது, பாரிஸ் மார்ச் 1 முதல் எல்லையை மூடியது. மார்ச் 4 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் ஒரு கூட்டறிக்கை வெளியிட்டன. நாட்டுப்பற்றும் தாராளச் சிந்தனையும் கொண்ட ஸ்பானியர்கள் ஃபிராங்கோ அமைதியாக விலக வழிகாண்பார்கள் என்று நம்புவதாகச் சொன்ன அதே அறிக்கை, தாங்கள் உள்விவகாரத்தில் தலையிடப் போவதில்லை என்றும் சொன்னது. அதில் ஹிரால் அரசாங்கத்தின் பெயரே இல்லை. ஒரு சர்வாதிகாரியிடம் தயவுசெய்து விலகிக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்கும் அறிக்கை என்றால் மிகையாகாது. ஆனால் குடியரசுக்காரர்களுக்கு அது வேறொரு செய்தியையும் தந்தது: ஹிராலை விட்டுவிட்டு முடியாட்சி ஆதரவாளர்களுடன் கைகோத்தால் ஒருவேளை உதவி கிடைக்கலாம்.

1946 ஐ.நா. தீர்மானம் ஃபிராங்கோவுக்குத் தோல்விதானே?

தோற்றத்தில் ஆம். ஏப்ரலில் போலந்து பிரதிநிதி ஆஸ்கர் லாங்கே இந்த விவகாரத்தைப் பாதுகாப்பு மன்றத்துக்குக் கொண்டுவந்தார். விசாரித்த துணைக்குழு, ஃபிராங்கோவின் ஆட்சி அமைதிக்கு உடனடி அச்சுறுத்தல் இல்லை, எதிர்காலத்தில் அச்சுறுத்தலாகக் கூடியது என்று முடிவுசெய்தது. இந்த நுணுக்கத்திலேயே கட்டாய நடவடிக்கைக்கான வாய்ப்பு கைநழுவியது. விவகாரம் பொதுச்சபைக்குப் போனது. 1946 டிசம்பர் 12 அன்று 34 ஆதரவு, 6 எதிர்ப்பு வாக்குகளுடன் நிறைவேறிய தீர்மானம், ஸ்பெயினை ஐ.நா.வின் அமைப்புகளிலிருந்து விலக்கியது. மாட்ரிட்டிலுள்ள தூதர்களைத் திரும்ப அழைக்கும்படி உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது.

நடைமுறையில் தூதர் மட்டுமே ஊர் திரும்பினார். தூதரகம் திறந்தே இருந்தது, பொறுப்பு அதிகாரி வேலையைத் தொடர்ந்தார். அர்ஜென்டினாவின் பெரோன் தீர்மானத்தைப் பொருட்படுத்தாமல் புதிய தூதரை அனுப்பியதோடு, பட்டினியில் வாடிய ஸ்பெயினுக்குக் கோதுமையும் கடனாக அனுப்பினார். பொருளாதாரத் தடையோ எண்ணெய்த் தடையோ எதுவும் இல்லை. ஃபிராங்கோவோ மாட்ரிட்டின் ஓரியெந்தே சதுக்கத்தில் பெருங்கூட்டத்தைத் திரட்டி, அந்நியர் தலையீட்டுக்கு எதிரான தேசக் காவலராகத் தன்னைக் காட்டிக்கொண்டார். தீர்மானம் ஹிரால் அரசாங்கத்தை அங்கீகரிக்கவும் இல்லை. சில வாரங்களில், 1947 ஜனவரி இறுதியில், ஹிரால் பதவி விலகினார்.

முடியாட்சிக்காரர்களுடன் பேச்சு நடந்தது உண்மையா?

உண்மை. ஹிராலுக்குப் பின் வந்த சோசலிஸ்டு ரொதோல்ஃபோ யோபிஸின் அமைச்சரவை 1947 பிப்ரவரி முதல் ஆகஸ்டு வரையே நீடித்தது. அதைக் கவிழ்த்தது அவருடைய கட்சியேதான். பிரியெத்தோவின் திட்டம் எளிமையானது: குடியரசா முடியாட்சியா என்று முன்கூட்டியே சொல்லாத ஓர் இடைக்கால அரசு, பின்னர் பொதுவாக்கெடுப்பு. 1947 ஜூலையில் துலூசில் கூடிய கட்சி அவரைப் பின்பற்றியது. அக்டோபரில் லண்டனில், பெவினின் ஊக்கத்துடன், பிரியெத்தோவும் உள்நாட்டுப் போருக்கு முன் வலதுசாரிகளின் தலைவராக இருந்த ஹில் ரொப்லெசும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். ஒருவரையொருவர் நாட்டின் நாசத்துக்குக் காரணமானவர் என்று சொல்லிவந்த இருவர் அவர்கள்.

உடன்பாடு 1948 ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சு எல்லை ஊரான சான் ஹுவான் தே லூசில் உருவானது. அதற்குச் சில நாட்கள் முன்பே, ஆகஸ்டு 25 அன்று, அரியணைக்கு உரிமை கோரிய தோன் ஹுவான், ஃபிராங்கோவை அவருடைய "அசோர்" படகில் சந்தித்து, தன் பத்து வயது மகன் ஹுவான் கார்லோசை ஸ்பெயினில் படிக்கவைக்கச் சம்மதித்துவிட்டார். உடன்பாட்டின் மறுதரப்பு ஏற்கெனவே ஃபிராங்கோவுடன் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தது. 1950இல் தன் கொள்கை தோற்றுவிட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு பிரியெத்தோ கட்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கலாம். ஆனால் மேற்கு நாடுகளை நம்பி அவர் பலிகொடுத்தது தன் நாட்டின் ஒரே சட்டபூர்வ அரசாங்கத்தின் பலத்தை.

அராஜகவாதிகள் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும். தொழிற்சங்கக் கூட்டமைப்பான சி.என்.டி. 1945இல் பிளந்தது. அரசாங்கத்தில் பங்கேற்கலாம் என்ற பிரிவு ஹிராலுக்கு இரு அமைச்சர்களைக் கொடுத்தது. எந்த அரசும் வேண்டாம் என்ற பிரிவு விலகி நின்றது.

1947க்குப் பிறகு அந்த அரசாங்கம் என்னதான் செய்தது?

ஆல்வரோ தே அல்போர்னோஸ் அமைத்த அமைச்சரவையில் பெரிய கட்சிகள் எதுவும் இல்லை. நடுத்தரக் குடியரசுவாதிகள் மட்டுமே. கம்யூனிஸ்டுகள் விலகியதும் கிழக்கு ஐரோப்பாவின் ஆர்வம் குன்றியது. வெனிசுவேலாவில் 1948இலும் குவாத்தமாலாவில் 1954இலும் நடந்த ஆட்சிக்கவிழ்ப்புகள் அங்கிருந்த நட்பைக் கொண்டுபோயின. பிரான்சு 1948 பிப்ரவரியில் எல்லையைத் திறந்தது. பொதுச்சபை 1950 நவம்பரில் தூதர்கள் பற்றிய பரிந்துரையை நீக்கியது. 1953 செப்டம்பரில் அமெரிக்கா மாட்ரிட்டுடன் ராணுவத் தளங்களுக்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டது. 1955 டிசம்பர் 14 அன்று ஸ்பெயின் ஐ.நா.வில் சேர்ந்தபோது சோவியத் ஒன்றியம்கூட எதிர்க்கவில்லை. பல நாடுகளை ஒரே தொகுப்பாகச் சேர்க்கும் பேரத்தில் ஃபிராங்கோவும் உள்ளே வந்தார்.

அதன் பின் நடந்தவை பெரும்பாலும் எதிர்ப்புக் கடிதங்களும் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 குடியரசு நாள் கொண்டாட்டங்களும்தான். ஆனால் பிரதமர்களின் வரிசை வியப்பூட்டும்: கால்நடை மருத்துவரான கோர்தோன் ஓர்தாஸ், விண்வெளி உடைக்கு முன்னோடியான உயர்வான்வெளி உடையை 1935இல் வடிவமைத்த விமானப்படை ஜெனரல் எமிலியோ எர்ரேரா, இடைக்கால வரலாற்றறிஞர் சாஞ்செஸ் அல்போர்னோஸ். 1962இல் மார்த்தினெஸ் பாரியோ இறந்தபோது குடியரசுத் தலைமை, 1931 அரசமைப்பை வரைந்த குழுவின் தலைவரான ஹிமெனெஸ் தே அசுவாவிடம் சென்றது. அவர் வாழ்ந்தது புவெனோஸ் ஐரிசில்.

மாஸ்கோவுக்குப் போன தங்கம் என்னவாயிற்று?

1936 அக்டோபரில் ஸ்பெயினின் தங்க இருப்பிலிருந்து சுமார் 510 டன் சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்பப்பட்டு, ஆயுதங்களுக்கும் பிற கொள்முதலுக்குமாகச் செலவானது. அதற்கான ஆவணங்கள் அன்றைய நிதியமைச்சர் நெக்ரினிடம் இருந்தன. அவர் 1956 நவம்பரில் பாரிஸில் இறந்த பின், அவை ஃபிராங்கோவின் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. நாடுகடந்த அரசாங்கத்துக்கு இது பேரதிர்ச்சி.

அரசாங்கம் எப்போது கலைந்தது? எதுவும் மிஞ்சியதா?

ஃபிராங்கோ 1975 நவம்பர் 20 அன்று இறந்தார். 1977 மார்ச்சில் மெக்சிகோ நாடுகடந்த அரசாங்கத்துடனான உறவை முடித்துக்கொண்டு மாட்ரிட்டுடன் உறவு ஏற்படுத்தியது. ஜூன் 15 அன்று ஸ்பெயினில் சுதந்திரமான தேர்தல் நடந்தது. ஜூன் 21 அன்று குடியரசுத் தலைவர் ஹோசே மல்தொனாதோவும் பிரதமர் ஃபெர்னாந்தோ வலேராவும் தேர்தல் முடிவை ஏற்று, தங்கள் நிறுவனங்களின் பணி முடிந்ததாகப் பாரிஸில் அறிவித்தனர். புதிய ஆட்சியில் யாரும் அவர்களைக் கலந்து பேசியிருக்கவில்லை.

நாடுகடந்த நிலையிலிருந்து அதிகாரத்தோடு திரும்பியது ஒரே ஓர் அமைப்பு. கேட்டலோனியத் தன்னாட்சி அரசின் தலைவராக 1954இல் மெக்சிகோவிலுள்ள குடியரசுத் தூதரகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிரெஞ்சுக் கிராமமொன்றில் பணமில்லாமல் காலம் கழித்த ஹோசெப் தாரதெல்லாஸ், பிரதமர் அதோல்ஃபோ சுவாரெசுடன் நேரடியாகப் பேசி 1977 அக்டோபர் 23 அன்று பார்சிலோனா திரும்பினார். 1931 அரசமைப்பின் கீழ் பிறந்த அந்தப் பதவியை, புதிய அரசமைப்பு எழுதப்படுவதற்கு ஓராண்டுக்கு முன்பே, மன்னர் ஹுவான் கார்லோசின் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.